தொப்பியாவது கிடைத்தது



சென்ற மாத இதழைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். அவருடைய பக்கத்து வீட்டுத் தாய் ஒருவர் காணாமல் போன மகனுக்காகப் பல வருடங்களாகக் காத்திருக்கிறாராம். ஓரளவு வாசிக்கத் தெரிந்தவராம். "அவருக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார். இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

எதைக் கொடுக்கக் கூடாது என்பது உடனே தெரிந்தது. கவலையை மறக்க இத்தனை வழி, மனதை இலேசாக்க இத்தனை வழி என்று எழுதிய சிறு புத்தகங்கள் 2004 சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிந்த பிறகும் நம் பகுதிக்கு நிறைய வந்தன. நானும் சிலவற்றை வாசித்தேன். மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள் என்று எழுதியிருக்கும். எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் ஜனாஸாவையும் காணாமல், சாம்பலையும் காணாமல் இருக்கும் ஒரு தாய் எதை மறப்பது? மறந்தால் அந்தப் பிள்ளையை நினைக்க வேறு யார் இருக்கிறார்கள்? அந்தப் புத்தகங்களில் இதற்குப் பதில் இல்லை.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது 'அன்னை வயல்'. கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1963 இல் எழுதிய குறுநாவல். ஒரு காலத்தில் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, மலிவு விலையில் நம் நாட்டுக்கு வந்த புத்தகங்களில் இதுவும் ஒன்று. கெட்டித் தாள், கெட்டிக் கட்டு. கறையான் தின்னாத வீடுகளில் இன்னும் இருக்கும்.

கதை இதுதான். தொல்கொனாய் என்ற வயதான தாய், தான் வாழ்நாள் முழுவதும் பாடுபட்ட வயலுக்குத் தனியே போய், வயலோடு பேசுகிறாள். இரண்டாவது உலகப் போரில் அவளுடைய கணவனும் மூன்று ஆண் மக்களும் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. கணவனும் மூத்தவனும் இறந்துவிட்டதாகக் கடதாசி வருகிறது. நடுப்பிள்ளை மசெல்பெக் போர்முனைக்குப் போகும் வழியில் தங்கள் ஊர் ஸ்டேஷனைக் கடக்கப் போவதாகத் தந்தி வருகிறது. தாயும் மூத்த மருமகளும் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் இரவெல்லாம் காத்திருக்கிறார்கள். புகையிரதம் வருகிறது. நிற்கவில்லை. மகன் வாசலில் தொங்கியபடி கத்துகிறான். தாய் கூடவே ஓடுகிறாள். அவன் தன் தொப்பியைக் கழற்றி அவள் பக்கம் எறிந்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் பகுதியை நான் சத்தமாக வாசித்தேன். ஓட்டமாவடி, மீராவோடைப் பெண்களோடு பாலத்துக்கு அப்பால் கிரான் பக்கத்துச் சகோதரிகளும் வந்திருந்தார்கள். பழைய ஓட்டமாவடிப் பாலத்தில் புகையிரதமும் பஸ்ஸும் ஒரே பாதையில் போன காலத்தைக் கண்டவர்கள்தான் எல்லோரும். புகையிரதம் நிற்காமல் போவதை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு கிரானிலிருந்து வந்த அம்மா ஒருவர், "அந்தத் தாய்க்குத் தொப்பியாவது கிடைத்தது" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் வாசிக்கவில்லை. அன்றைக்கு அது போதும் என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

கடைசி மகன் ஜைனாக்கின் கதை வேறு. அவன் விமானத்திலிருந்து குதிக்கும் படையில் சேர்ந்தவன். அவன் இறந்தான் என்ற செய்தி வரவில்லை. இருக்கிறான் என்ற செய்தியும் வரவில்லை. ஐத்மாத்தவ் நினைத்திருந்தால் அவனை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கலாம். கதைதானே. அல்லது ஒரு கடிதத்தில் அவன் கணக்கை முடித்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. தாயின் காத்திருப்பை அப்படியே விட்டு வைத்திருக்கிறார். அதனால்தான் இந்தப் புத்தகத்தை நான் நம்புகிறேன்.

அவர் ஏன் அப்படி விட்டார் என்பதைப் புத்தகத்தின் சமர்ப்பணமே சொல்லும். எங்கே புதைக்கப்பட்டார் என்று தெரியாத தன் தகப்பனுக்கும், நான்கு பிள்ளைகளையும் தனியே வளர்த்த தாய்க்கும் அதைச் சமர்ப்பித்திருக்கிறார். தகப்பன் தொரெகுல் ஐத்மாத்தவ் 1937 இல் ஸ்டாலின் அரசால் கைது செய்யப்பட்டு, 1938 இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். எங்கே, எப்படி என்று குடும்பத்துக்குத் தெரியாது. 1991 இல் சோன் தாஷ் என்ற கிராமத்தில் ஒரு பெரும் புதைகுழி தோண்டப்பட்டபோதுதான் அவர் எலும்புகள் அடையாளம் காணப்பட்டன. ஐம்பதுக்கும் மேற்பட்ட வருடங்கள். அந்த மனைவி அதைக் காண உயிரோடு இருக்கவில்லை.

நம் பகுதியில் இதை வாசிப்பவர்களுக்கு 1990 நினைவுக்கு வராமல் போகாது. அந்த ஜூலையில் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் புலிகளால் கடத்தப்பட்டார்கள். ஜனாஸாக்கூட வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துப் போனது. மட்டக்களப்புக்குப் போகும் பஸ் அந்த வளாகத்தைக் கடந்துதான் போகிறது. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பக்கத்துத் தாய்மாரும் ஒரே கேள்வியோடு வாசலில் உட்கார்ந்தார்கள். மரணச் சான்றிதழ் வாங்க மனம் வராதவர்களுக்காக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ் 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு வந்தது. அது கடதாசிக் காரியம். தேவையானதுதான், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐத்மாத்தவின் புத்தகத்தில் அந்தத் தாய் வயலைக் கேள்வி கேட்கிறாளே, அந்த மாதிரிப் பேச ஒரு இடம் எந்தக் கந்தோரிலும் இல்லை.

இந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. மூத்த மருமகள் அலிமான் இளம் விதவை. மாமியோடு சேர்ந்து ஏர் பிடித்து, பசி கிடந்து உழைக்கிறாள். அவள் மறுமணம் செய்ய வேண்டும் என்று மாமி மனதுக்குள் விரும்புகிறாள், வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பிறகு அவ்வழியால் வந்த ஓர் இடையனால் அலிமான் கருவுறுகிறாள். ஊர் பேசுகிறது. மாமி அவளைக் கைவிடவில்லை. இவ்வளவையும் எழுதிய ஆசிரியர் கடைசியில் அலிமானைப் பிரசவத்தில் சாகவிட்டுவிட்டார்! பிள்ளையை மாமி வளர்க்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. ஆசை வைத்த விதவையைக் கதைகளில் ஏன் உயிரோடு விடுவதில்லை? தமிழ்நாட்டில் சல்மா 2004 இல் எழுதிய 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யிலும் கணவனை விட்டு வந்த ஃபிர்தவ்ஸ் கடைசியில் சாகிறாள். ஆனால் அங்கே சாகடிப்பது வீட்டு மானம். சல்மா அதை மறைக்காமல் எழுதுகிறார். அலிமானின் சாவு விதி மாதிரி வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நம் ஊரில் இத்தா முடிந்து பத்து வருடமாகியும் கலர் சேலை உடுத்தால் பேச்சு வாங்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வித்தியாசத்தை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அந்தப் பக்கத்து வீட்டுத் தாய்க்கு நேராக 'அன்னை வயலை'க் கொடுக்கலாமா என்றால், நான் கொடுக்க மாட்டேன். முதலில் வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. மலையாள நாவல், தமிழிலும் இருக்கிறது. உம்மா, தங்கச்சிமார், தம்பிமார், மச்சிமார், பிள்ளைகள், கோழிகள் எல்லாம் நிறைந்த ஒரு முஸ்லிம் வீடு. அந்த ஆடு கண்டதையெல்லாம் தின்னும், எழுத்தாளருடைய புத்தகங்களையும் தின்னும். ஆடு வளர்க்கும் நமக்கு அதில் அதிசயமில்லை. கடன் வாங்கிய ஆட்டை விற்று இன்னொரு கடனை அடைக்கும் நம் கணக்குகளை நினைத்து நான் தனியே இருந்து சிரித்திருக்கிறேன். பஷீர் இதை 1954 இல், மனநோய்க்கு வைத்தியம் பெற்ற காலத்தில் எழுதினார். இதை நான் சொன்னபோது எங்கள் வட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை. மனம் குழம்பியவர் இப்படிச் சிரிப்பாரா என்றார்கள். ஏன் சிரிக்கக் கூடாது?

நம் ஊரவர் எழுதியதும் வேண்டும். எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' கதைகளை எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்கும் கொடுக்கலாம். நாம் பேசுகிற பேச்சே அதில் இருக்கிறது. அகராதி தேவையில்லை. "எங்கட உம்மம்மா இப்படித்தான் கதைக்கிற" என்று ஒரு பிள்ளை சொல்லக் கேட்டேன்.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்தவர். யுத்தம் முடிந்து சிறையிலும் புனர்வாழ்விலும் இருந்து, 2013 இல் விடுதலையாகி, 2015 ஒக்டோபர் 18 இல் புற்றுநோயால் காலமானார். புத்தகம் அடுத்த வருடம் வந்தது. அதை நான் கலண்டர் தாளில் உறை போட்டுத்தான் வீட்டில் வைத்து வாசித்தேன். ஏன் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலகுவாக வாசிக்க முடியவில்லை. பத்துப் பக்கம் வாசித்து மூடி, இரண்டு நாள் கழித்துத் திறந்து, அப்படித்தான் முடித்தேன். சில இடங்களில் 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் 'நான்' ஒளிந்துகொள்கிறது என்று எனக்குப்பட்டது. ஆனால் கடைசிக் காலக் கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். அந்த இயக்கத்துக்குள் இருந்த ஒரு பெண் அதைத் தன் கையால் எழுதியது சின்ன விசயமில்லை. மன்னிப்பதா இல்லையா என்பது வேறு பேச்சு, அதை நான் இங்கே முடிக்கப் போவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த கிரான் தாய்மாரும் அதை வாசிக்க வேண்டும் என்று விரும்பினேன்.

இப்போது அந்தப் பிரதி, உறையோடு, பாலத்துக்கு அப்பால் ஒரு வீட்டில் இருக்கிறது. அதற்குப் பெயர் கொடுத்து வைத்திருக்கும் மூன்று பேரும் கொஞ்சம் பொறுங்கள். 'அன்னை வயல்' யார் வீட்டிலாவது இருந்தால் அறியத் தாருங்கள். என்னிடம் உள்ளதில் கடைசிப் பக்கங்கள் கழன்று போகத் தொடங்கிவிட்டன.