கடமையைக் கற்பிக்கும் அரசு எந்த மொழியில் பேசுகிறது?

2022 செப்டம்பரில் புது தில்லியின் ராஜபாதை ‘கர்த்தவ்ய பாத்’ ஆயிற்று. கடமைப் பாதை என்பது அதன் பொருள். அதே ஆண்டின் சனவரியில், கடந்த 75 ஆண்டுகளாக உரிமைகளைப் பற்றியே பேசிக் கடமைகளை மறந்ததுதான் நாட்டைப் பலவீனமாக்கியது என்ற கருத்தைப் பிரதமர் ஒரு விழாவில் முன்வைத்தார். அதற்கு முன்பே, 2019 நவம்பர் 26 முதல், அடிப்படைக் கடமைகளைப் பரப்பும் ஓராண்டு இயக்கம் பல்கலைக்கழகங்கள் வரை வந்து சேர்ந்திருந்தது. கருத்தரங்குகள் நடந்தன, உறுதிமொழிகள் எடுக்கப்பட்டன, ஒளிப்படங்கள் பதிவேற்றப்பட்டன. குடிமக்கள் அரசுக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள் என்று இத்தனை முறை விளக்கப்பட்ட நாட்டில், அந்தக் கடமையைக் குடிமகனுக்குப் புரியும் மொழியில் சொல்ல அரசு கடமைப்பட்டதா என்ற கேள்வி மட்டும் எந்த மேடையிலும் எழவில்லை.

அடிப்படைக் கடமைகள் 1950-இன் அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்த 1976-இல், 42-ஆவது திருத்தத்தின் வழியாக 51ஏ என்னும் உறுப்பாக அவை நுழைந்தன. அப்போது அவை பத்து, 2002-இல் பதினொன்றாயின. குடிமக்களின் உரிமைகள் முடக்கப்பட்டிருந்த நாள்களில்தான் அவர்களின் கடமைகள் பட்டியலிடப்பட்டன என்பதைத் தற்செயல் என்று கொள்வதற்கு மிகுந்த பெருந்தன்மை வேண்டும். அப்பட்டியலின் முதற்கடமை, அரசமைப்புக்குக் கீழ்ப்படிந்து நடப்பது. அந்த அரசமைப்போ ஆங்கிலத்தில் இயற்றப்பட்டது. 1987-இல் 58-ஆவது திருத்தம் 394ஏ உறுப்பைச் சேர்த்து, இந்தி வடிவத்துக்கு அதிகாரபூர்வத் தகுதியை அளித்தது. பிற மொழிகளில் மொழிபெயர்ப்புகள் உண்டு. அரசமைப்பே தன் வாயால் ஏற்ற வடிவம் அவற்றில் எதற்கும் இல்லை.

மொழியியல் மாணவர் எவரும் அரசமைப்பின் 17-ஆம் பகுதியை அதன் வினைமுற்றுகளுக்காகவே ஒருமுறை படிக்க வேண்டும். ஆட்சிமொழி பற்றிய அப்பகுதியில் ஒன்றிய அரசின் மீது ‘கடமை’ என்ற சொல்லாலேயே சுமத்தப்பட்ட பணி ஒன்றுதான்: 351-ஆவது உறுப்பின்படி இந்தியைப் பரப்பி வளர்ப்பது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிப்பது பற்றிய 350ஏ உறுப்பு, 1956-இல் மாநிலச் சீரமைப்பை ஒட்டிச் சேர்க்கப்பட்டது. அங்கே ‘கடமை’ என்ற சொல் இல்லை. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் ‘முயல வேண்டும்’ என்றே இருக்கிறது. ஒரு மொழியைப் பரப்புவது கடமை; ஒரு குழந்தைக்கு அதன் மொழியில் எழுத்தறிவிப்பது முயற்சி. சொற்களை எடைபோட்டே எழுதப்பட்ட ஆவணத்தில் இந்த வேறுபாட்டை நடையழகு என்று தள்ளிவிட முடியாது.

350-ஆவது உறுப்பு இன்னும் விசித்திரமானது. குறைதீர்க்கக் கோரும் எவரும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அது உரிமை தருகிறது. பதில் எந்த மொழியில் வரும் என்பது பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தத்தில் 24-ஆவது உறுப்பு இதே உரிமையைத் தருகிறது. அதே மொழியில் பதில் பெறும் உரிமையையும் உடன் சேர்த்துத் தருகிறது. இந்திய அரசமைப்பில் வாக்கியம் பாதியிலேயே நின்றுவிட்டது. இதன் விளைவு ஏட்டளவில் முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய மடலுக்கு இந்தியில் பதில் பெற்ற மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன், 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடித்தான், ஆங்கிலத்தில் வந்த மடலுக்கு ஆங்கிலத்திலேயே பதில் தர வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்றார். ஆங்கிலத்துக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. எழுதியவரோ மக்களவை உறுப்பினர். அவருக்கே நீதிமன்றம் வேண்டியிருந்தது என்றால், பஸ்தரில் கோண்டி மொழி பேசும் உழவர் எந்த வாசலில் போய் நிற்பார்?

அவர் நிற்கக்கூடிய வாசல் ஒன்று இருக்கிறது: சிறை வாசல். 1962-இல் ஹரிகிசன் எதிர் மகாராஷ்டிர மாநிலம் என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் விசாரித்தது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர் ஆங்கிலம் அறியாதவர். காவலுக்கான காரணங்களை இந்தியில் தருமாறு கேட்டார். ஆங்கிலமே ஆட்சிமொழி என்று சொல்லி அதிகாரிகள் மறுத்தனர். கைதிக்குப் புரியும் மொழியில் காரணங்களைத் தராதது 22(5) உறுப்பை மீறுவதாகும் என்று நீதிமன்றம் காவலையே செல்லாததாக்கியது. அன்று அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவர் இந்தியை அறிந்தவர் என்பதை இந்தியின் பெயரால் பேசுவோர் நினைவில் கொள்வது நல்லது. அவர் கேட்டது எதுவோ அதையேதான் பிற மொழியினர் இன்று கேட்கின்றனர். தன் விடுதலை பறிக்கப்படுவதன் காரணம் கைதிக்குப் புரிய வேண்டும் என்றால், தன் நிலமும் நீரும் பறிக்கப்படுவதன் காரணம் உழவருக்குப் புரிய வேண்டாமா?

ஒன்றிய அரசு இதற்குத் தந்த விடை 2020-இன் ஆவணங்களில் இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு அந்த ஆண்டு, பெருந்தொற்று முடக்கத்தின் நடுவே, மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. அணையும் சுரங்கமும் நெடுஞ்சாலையும் யாருடைய ஊர்களில் வரக்கூடுமோ, அவர்களின் கருத்தை எந்த முறையில் கேட்பது என்பதைத் திருத்தும் வரைவு அது. அதை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் சூன் 30 அன்று ஆணையிட்டது. அரசு மொழிபெயர்ப்பாளர்களைத் தேடாமல் வழக்கறிஞர்களை அழைத்துக்கொண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டாலே சட்டத்தின் தேவை நிறைவேறிவிடும் என்பது அதன் வாதம். ஆக, மக்களிடம் கருத்துக் கேட்கும் ஓர் அறிவிக்கை அம்மக்களுக்குப் புரியும் மொழியில் இருக்கத் தேவையில்லை என்று நிறுவுவதற்கு அம்மக்களின் வரிப்பணமே செலவிடப்பட்டது.

அந்த 22 மொழிகளும்கூட முழு விடையாகா. 2011 கணக்கெடுப்பின்படி பீலி மொழியினர் ஒரு கோடிக்கும் மேல். கோண்டி மொழியினர் ஏறத்தாழ 30 லட்சம். குடுக் மொழியினர் ஏறத்தாழ 20 லட்சம். மூன்றும் அட்டவணையில் இல்லை. 24,821 பேர் தாய்மொழியாகப் பதிவு செய்த சமற்கிருதம் தொடக்கம் முதலே அதில் இருக்கிறது. சமற்கிருதத்தின் இலக்கிய வளத்தை எவரும் மறுக்கவில்லை. அதற்காகப் பீலி பேசும் ஒரு கோடிப் பேர் வெளியே நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. குடிமக்கள் தம் தாய்மொழி இன்னது என்று சொன்னாலும் கணக்கு அதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. 52 கோடியைத் தாண்டும் இந்தியின் எண்ணிக்கையில், இந்தி என்றே சொன்னவர்கள் சுமார் 32 கோடிதான். ஐந்து கோடிப் போஜ்புரி மொழியினரும், இரண்டரைக் கோடி ராஜஸ்தானி மொழியினரும், சத்தீஸ்கரி, மகஹி மொழியினரும் அந்தத் தலைப்பின் கீழ் சேர்க்கப்பட்டவர்கள்.

தில்லியைக் குற்றஞ்சாட்டி மாநிலத் தலைநகரங்கள் தப்பிவிடவும் முடியாது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கோண்டிக்கு ஒரு மாநிலம் அமையவில்லை. அதைப் பேசுவோர் இன்று மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், தெலங்கானா, ஒடிசா எனச் சிதறி ஒவ்வொன்றிலும் சிறுபான்மையாக வாழ்கின்றனர். இந்தியிடம் தமக்குரிய இடத்தைக் கோரும் அரசுகளே கோண்டிக்கும் கோலாமிக்கும் அந்த இடத்தை மறுக்கின்றன. நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளை முன்னிறுத்திக் கேட்டால் தமிழ்நாடும் விதிவிலக்கன்று. தலைநகரிலிருந்து தலைநகருக்கு அதிகாரத்தை மாற்றுவதோடு நின்றுவிடும் கூட்டாட்சி பாதிக் கூட்டாட்சிதான்.

இத்தனை மொழிகளில் நிர்வாகம் நடத்த இயலாது என்பது வழக்கமான மறுமொழி. பணமில்லை, ஆளில்லை, ஒருமைப்பாடு குலையும் என்று அது நீளும். ஆனால் வாக்குக் கேட்கும்போது கட்சிகளுக்கு எந்த மொழியும் கடினமாக இருந்ததில்லை. நலத்திட்ட விளம்பரங்கள் மாநிலந்தோறும் அந்தந்த மொழியில் வருகின்றன. அரசே 2022-இல் ‘பாஷிணி’ என்னும் மொழிபெயர்ப்புத் தளத்தைத் தொடங்கிப் பெருமையோடு அறிமுகப்படுத்தியது. ஆகவே இயலாமை என்று சொல்லப்படுவது பெரிதும் விருப்பமின்மை. ஒருமைப்பாட்டைப் பொறுத்தவரை நியம்கிரியைப் பார்க்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2013 ஆணைப்படி ஒடிசாவின் அந்த மலையில் 12 ஊர்களின் கிராம சபைகள் கூடின. குவி மொழி பேசும் டோங்ரியா கோண்டுகளும் பிறரும் பாக்சைட் சுரங்கத்தை ஏற்பதா என்று கேட்கப்பட்டனர். பன்னிரண்டு சபைகளும் மறுத்தன. நாடு உடையவில்லை. நாடு என்பது தமக்கும் உரியது என்பதை அம்மலைவாழ் மக்கள் செயலில் காட்டினர். 51ஏ கேட்கும் குடிமைப் பொறுப்புக்கு இதைவிடச் சிறந்த சான்று கருத்தரங்குகளில் கிடைக்காது.

கடமை தேவையற்றது என்பதன்று இங்குள்ள வழக்கு. காட்டையும் ஏரியையும் ஆற்றையும் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 51ஏ சொல்கிறது; நியம்கிரியில் நடந்ததும் அதுதான். அந்தக் கடமையைச் செய்ய வேண்டியவருக்கு அறிவிக்கை புரிய வேண்டும்.

எனவே கோரிக்கைகள் மூன்று. 350-ஆவது உறுப்பின் பாதி வாக்கியம் முழுமை பெற வேண்டும்: விண்ணப்பித்த மொழியில் பதில் பெறுவது சட்ட உரிமையாக வேண்டும். மக்கள் கருத்துக் கோரும் எந்த அறிவிக்கைக்கும், பாதிக்கப்படுவோரின் மொழியில் அது வெளியான நாளிலிருந்தே கால அளவு கணக்கிடப்பட வேண்டும். அந்த மொழி அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. ஒன்றியத்திடம் கேட்கும் இவ்விரண்டையும் மாநிலங்கள் தம் சிறுபான்மை மொழியினருக்கு முதலில் வழங்க வேண்டும்.

அடுத்த நவம்பர் 26-இலும் பல்கலைக்கழக அரங்குகளில் உறுதிமொழி வாசிக்கப்படும். அரங்கில் இருக்கும் ஆய்வாளர்களில் ஒருவரேனும் எழுந்து, 51ஏ உறுப்பு கோண்டியில் எங்கே கிடைக்கும் என்று கேட்கட்டும். விடை தர வேண்டியது கடமையைக் கற்பிக்க வந்தவரின் கடமை.