‘சிங்கிள் ஓனர்... சூப்பர் கண்டிஷன்!’ - ரீல்ஸ் பார்த்து கார் வாங்கப்போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

ராத்திரி 11 மணி. தூக்கம் வராமல் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். பி.ஜி.எம் அதிர, பளபளவென ஒரு ஸ்விஃப்ட் வந்து நிற்கிறது. கூலிங் கிளாஸ் போட்ட ஓர் அண்ணன் பானெட்டைத் தட்டியபடி, “2018 மாடல், சிங்கிள் ஓனர், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. ஒரு ஸ்க்ராட்ச்கூட கிடையாது” என்கிறார். விலையை மட்டும் சொல்லவில்லை. ‘விலை தெரிய இங்கே தட்டவும்’ என்கிறது கீழே இருக்கும் பட்டன். சும்மா பார்ப்போமே என்று தட்டினால், உங்கள் பெயரும் போன் நம்பரும் ஏற்கெனவே நிரப்பப்பட்ட ஒரு ஃபார்ம் வருகிறது. ‘சப்மிட்’ கொடுக்கிறீர்கள்.

காலையில் எழுந்தால் நாலு மிஸ்டு கால், வாட்ஸ்அப்பில் ஏழெட்டு கார் போட்டோ. போதாக்குறைக்கு ஃபேஸ்புக், யூடியூப் என எதைத் திறந்தாலும் காரோ கார்!

அந்த ஸ்விஃப்ட் இன்னும் விற்கவில்லை. ஆனால், அந்த விளம்பரம் தன் வேலையை முடித்துவிட்டது. அதற்குத் தேவைப்பட்டது உங்கள் போன் நம்பர். ஆன்லைன் மார்க்கெட்டிங் பாஷையில் அதற்குப் பெயர் ‘லீட்’. ஒரு லீடுக்கு எவ்வளவு செலவாகிறது, பத்து லீடில் எத்தனை பேர் நேரில் வருகிறார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று டீலர் கணக்குப் போடுவார். விலையை மறைத்து வைப்பதற்குக் காரணமும் இதுதான். விலையைச் சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். சொல்லாவிட்டால் நம்பர் கொடுப்பீர்கள்!

இதில் தப்பு ஒன்றும் இல்லை. வியாபாரம்னா விளம்பரம் இருக்கத்தான் செய்யும். ஆனால், முதல் கார் என்பது பலருக்குப் பல வருஷச் சேமிப்பு. அப்பாவின் பி.எஃப் பணமாக இருக்கலாம், வங்கியில் வாங்கும் கடனாக இருக்கலாம். அதனால், அந்த 30 விநாடி வீடியோ எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போ ஏன் இவ்வளவு விளம்பரம்?

முன்பெல்லாம் பழைய கார் வேண்டுமென்றால், தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லி வைப்போம். இல்லையென்றால் ஊரில் இருக்கும் ஆட்டோ கன்சல்டிங் கடைக்குப் போவோம். இப்போது அதே கன்சல்டிங் கடைகள் இன்ஸ்டாவுக்கு வந்துவிட்டன. 2001-ல் ஆரம்பித்த மாருதியின் ‘ட்ரூ வேல்யூ’, 2015-ல் தொடங்கிய ‘கார்ஸ்24’, ‘ஸ்பின்னி’ போன்ற பெரிய நிறுவனங்கள் ஒரு பக்கம், நம்ம ஊர் டீலர்கள் இன்னொரு பக்கம் என எல்லோரும் மோதிக்கொள்வது உங்கள் போன் திரையில்தான்.

டீலர்களின் அவசரத்துக்கு இரண்டு வரி மாற்றங்களும் காரணம். முதலாவது, 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜி.எஸ்.டி கவுன்சில் கூட்டம். அதுவரை சின்ன பெட்ரோல் கார்களைப் பழையதாக விற்கும்போது டீலரின் லாபத்தில் 12% வரி இருந்தது. அதை 18% ஆக்கினார்கள். 2025 ஜனவரி முதல் அது அமலில் இருக்கிறது. கவனிங்க, காரின் முழு விலைக்கு இல்லை, லாபத்துக்கு மட்டும்தான் வரி. 4 லட்சத்துக்கு வாங்கி 4.5 லட்சத்துக்கு விற்றால், நடுவில் இருக்கும் 50,000 ரூபாய்க்கு 9,000 ரூபாய். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தக் காரை உங்களுக்கு விற்றால் இந்த வரி கிடையாது. யாராவது “ஜி.எஸ்.டி 18% ஆயிடுச்சு சார், அதான் ரேட் ஏறிடுச்சு” என்று மொத்த விலைக்கும் கணக்குச் சொன்னால் உஷாராகிவிடுங்கள்.

இரண்டாவது, 2025 செப்டம்பர் 22. சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28% ஜி.எஸ்.டி, 1% செஸ் என்று இருந்ததை 18% ஆகக் குறைத்தார்கள். புது காரின் விலை இறங்கியது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கித்தானே ஆகவேண்டும்? பழைய ரேட்டில் வண்டிகளை வாங்கி யார்டில் நிறுத்தியிருந்த டீலர்கள் மாட்டிக்கொண்டார்கள். நிற்கும் வண்டிக்கும் வட்டி ஓடும், இடத்துக்கு வாடகை ஓடும், பேட்டரி இறங்கும். சீக்கிரம் விற்றாக வேண்டும் என்ற அந்த நெருக்கடிதான் உங்கள் ஃபீடில் விளம்பரமாகக் கொட்டுகிறது.

உங்களுக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. பழைய காரின் விலையைக் கேட்டதும், அதே மாடல் புது காரின் இன்றைய ஆன்ரோடு விலையையும் பாருங்கள். யூஸ்டு கார் லோனுக்குப் பொதுவாக வட்டி அதிகம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சில நேரம் 3 வருஷப் பழைய காருக்கும் புது காருக்கும் மாதத் தவணையில் பெரிய வித்தியாசமே இருக்காது!

‘நேத்துதான் போச்சு சார்!’

ரீல்ஸில் பார்த்த ஸ்விஃப்ட்டுக்காக 60 கிலோமீட்டர் பயணம் செய்து யார்டுக்குப் போகிறீர்கள். “அடடா, அது நேத்துதான் போச்சு சார். ஆனா, அதைவிட சூப்பரா ஒண்ணு இருக்கு, வாங்க” என்கிறார்கள். வந்த களைப்பில் நீங்களும் பார்ப்பீர்கள். கொஞ்சம் அதிக விலைக்கு வேறொரு வண்டி.

இது தற்செயலாகவும் நடக்கலாம், திட்டமிட்டும் நடக்கலாம். திட்டமிட்டு நடந்தால் அதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ பற்றிய வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஆன்லைனில் நம்மை ஏமாற்றும் 13 உத்திகளை அதில் பட்டியலிட்டிருக்கிறார்கள். பழைய கார் விளம்பரத்தில் நீங்கள் அடிக்கடி பார்க்கக்கூடியவை மூன்று.

ஒன்று, மேலே சொன்ன தூண்டில். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தலையில் கட்டுவது.

இரண்டு, போலி அவசரம். “இன்னும் ரெண்டு பேர் பார்த்துட்டு இருக்காங்க, இப்பவே டோக்கன் அட்வான்ஸ் போட்டா வண்டி உங்களுக்கு” என்பது இந்த ரகம்.

மூன்று, சொட்டுச் சொட்டாக விலையை ஏற்றுவது. விளம்பரத்தில் 4.25 லட்சம். உட்கார்ந்து பேசும்போது பெயர் மாற்ற ஒரு தொகை, ‘டாக்குமென்ட் சார்ஜ்’ ஒரு தொகை, வாரன்டி ஒரு தொகை என்று கடைசியில் 4.6 லட்சத்தில் வந்து நிற்கும். கிளம்புவதற்கு முன்பே, “எல்லாம் சேர்த்து என் கையில் ஆர்.சி வரும்வரை மொத்தம் எவ்வளவு?” என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

யூடியூபர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். “இன்னைக்கு நாம எங்க வந்திருக்கோம்னா...” என்று ஆரம்பித்து, ஒரே யார்டில் பத்து வண்டியைப் புகழ்ந்து தள்ளும் வீடியோக்கள் நிறைய. பணமோ பரிசோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைத்தால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. வீடியோவில் ‘விளம்பரம்’ என்றோ ‘பெய்டு பார்ட்னர்ஷிப்’ என்றோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நல்லது, நேர்மையாகச் சொல்கிறார். ஆனாலும் அது விளம்பரம்தான், ரிவ்யூ இல்லை.

நல்ல காரை விரட்டும் கெட்ட கார்

பழைய கார் சந்தையை வைத்தே ஒருவர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார், தெரியுமா? அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரை அது. 2001-ல் அவருக்குப் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது சிம்பிள். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்லது எது ஓட்டை என்று தெரியாததால், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் நடுத்தரமான ஒரு விலையைத்தான் சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவர், ‘இந்த விலைக்கா?’ என்று ஒதுங்கிவிடுவார். ஓட்டை வண்டிக்காரர் சந்தோஷமாக விற்பார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வேலையை ஆன்லைன் மார்க்கெட்டிங் செய்ய முடியும். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், வாரன்டி, சில நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் வசதி எல்லாம் அதற்காக வந்தவைதான். ஆனால், ரிப்போர்ட்டைத் தயாரிப்பவரும் விற்பவரேதான் என்பதை மறக்கக் கூடாது. வாரன்டியில் எது வராது என்ற பட்டியலை முதலில் படியுங்கள்.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது நேர்மையான டீலர். “லெஃப்ட் டோர்ல டிங்கரிங் வேலை நடந்திருக்கு, கிளட்ச் இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர்ல மாத்தணும்” என்று உண்மையைச் சொல்லும் வீடியோவுக்கு லைக் குறைவு. பி.ஜி.எம் போட்ட வீடியோவுக்கு லட்சக்கணக்கில் வியூஸ். நாம் எதைத் தட்டுகிறோமோ, அதைத்தான் அல்காரிதம் வளர்க்கும். கீறலை க்ளோஸ்-அப்பில் காட்டும் டீலர் கண்ணில் பட்டால் முதல் போனை அவருக்குப் போடுங்கள்.

வீடியோவில் இல்லாததைக் கேளுங்கள்

* வண்டி நம்பர்: நம்பர் பிளேட்டை மறைத்திருந்தால் நம்பரைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எம்-பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டால் எப்போது பதிவான வண்டி, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். ‘சிங்கிள் ஓனர்’ உண்மையா என்பதை ஆர்.சி-யில் பார்த்துவிடுங்கள். அபராத செலான் பாக்கி இருக்கிறதா என்பதையும் இ-செலான் தளத்தில் பார்த்துவிடலாம்.

* கிலோமீட்டர்: டிஜிட்டல் மீட்டரையும் குறைக்க முடியும். கம்பெனி சர்வீஸ் சென்டரின் ஹிஸ்டரியைக் கேளுங்கள். டயரையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். ‘1422’ என்றால் 2022-ம் ஆண்டின் 14-வது வாரத்தில் தயாரானது. 2018 மாடல் வண்டி, 38,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள். ஆனால், நாலு டயரும் 2022-ல் வந்தவை என்றால், “அதுக்குள்ள ஏண்ணே நாலையும் மாத்துனீங்க?” என்று கேளுங்கள். பதில் நியாயமாகவும் இருக்கலாம். ஆனால், கேட்க வேண்டும்.

* வெள்ளம்: 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட வண்டி பாலிஷ் போட்டுக்கொண்டு வேறு ஊர் யார்டில் நிற்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், ஏ.சி போட்டால் பூஞ்சை வாடை எல்லாம் அறிகுறிகள்.

* கடன்: ஆர்.சி-யில் வங்கியின் பெயர் இருக்கிறதா? இருந்தால் வங்கியின் என்.ஓ.சி-யும் படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

* மெக்கானிக்: உங்களுக்குத் தெரிந்தவரை உங்கள் செலவில் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய் பல ஆயிரங்களை மிச்சப்படுத்தும்.

வண்டியை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட டோக்கன் அனுப்பாதீர்கள். ‘நான் மிலிட்டரியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர், அதான் கம்மி விலை’ என்ற கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

விற்கப்போறவங்களும் கவனிங்க!

‘ஒரே நாளில் பணம்’ என்ற விளம்பரம் பார்த்துக் காரை விற்றுவிட்டு, ஆர்.சி-யில் பெயர் மாறியதா என்று பார்க்காமல் விடுபவர்கள் நிறைய. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கார் பல கை மாறியிருந்தாலும், விபத்து நடக்கும் நாளில் ஆர்.டி.ஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. உங்கள் பழைய கார் யாரோ ஓட்டி யார் மீதோ மோதினால், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்!

இதற்காகவே 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்திருக்கிறது. பழைய கார் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். உங்கள் காரை டீலரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29C மூலம் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு வண்டிக்கான பொறுப்பு டீலருடையது. ஆகவே, வாங்கப் போனாலும் விற்கப் போனாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “அண்ணே, உங்ககிட்ட அங்கீகாரச் சான்று இருக்கா?”

விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் சும்மா விட்டுவிட வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் கொடுக்க ஆதாரம் வேண்டும் இல்லையா? அதனால், அந்த ரீலை முதலில் ஸ்க்ரீன் ரெக்கார்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெலிட் செய்ய அவர்களுக்கு ஒரு விநாடி போதும்.

போனில் தேடுவது நல்லதுதான். ஊரில் இருக்கும் ஒரு கன்சல்டிங்கை மட்டுமே நம்பியிருந்த காலத்தைவிட இப்போது உங்களுக்குத் தேர்வு அதிகம், விலையை ஒப்பிடவும் முடிகிறது. ஆனால், தேடுவதோடு போனின் வேலை முடிந்தது. முடிவெடுக்க நேரில் போங்கள், பகல் வெளிச்சத்தில் போங்கள், ஓட்டிப் பாருங்கள். ரீல் 30 விநாடிதான் பாஸ். இ.எம்.ஐ 60 மாசம்!