லோடருக்குப் பல் வாங்குமுன் டிரைவரைக் கேளுங்கள்



"பக்கெட்டு மண்ணுல இறங்கவே மாட்டேங்குதுங்க" என்று டிராக்டர் டிரைவர்கள் சொல்வதை நாம் பல தோட்டங்களில் கேட்டிருக்கிறோம். செம்பனங்காட்டுச் சாலையில் வெயிலுக்கு இறுகிய செம்மண்ணில் மொட்டை விளிம்பு வழுக்கும். உடனே வேகமெடுத்து முட்டுவார்கள். முன் அச்சும் கெடும், டிரைவரின் இடுப்பும் போகும்.

இதற்காக வருவதுதான் 'டூத் பார்', அதாவது பல் வைத்த இரும்புச் சட்டம். விளிம்பு முழுக்கப் பரவும் பலம் பல் நுனிகளில் குவிவதால் மண் உடையும். வாங்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் எதை?

பக்கெட்டின் உட்புறத்தில், விளிம்புக்கு அருகே, சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளக்க வேண்டும். புத்தகத்தில் போட்ட அகலம் வெளி அளவாக இருக்கலாம். பழைய பக்கெட் நசுங்கியும் இருக்கும்.

அடுத்தது, போல்ட்டில் மாட்டுவதாக இருக்க வேண்டும். இதில் விட்டுக் கொடுக்காதீர்கள். "ஒர்க்‌ஷாப்புல கிடக்கிற இரும்பைப் பத்தவச்சுத் தர்றோம்" என்பார்கள். மறுநாளே உரக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் அள்ளச் சொல்வார்கள். சாலையை மட்டம் தட்டச் சொல்வார்கள். பல் தரையைக் கீறும்; சாலை உழவு போட்ட மாதிரி ஆகும். ஏச்சு யாருக்கு? டிரைவருக்குத்தான்! போல்ட் என்றால் இரண்டு பேர் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

சட்டத்தின் எடையும் லோடர் தூக்கும் பாரத்தில் சேர்த்திதான். சின்ன டிராக்டரில் கனமான சட்டத்தைப் பூட்டி, பழைய அளவே அள்ளச் சொன்னால் பின்சக்கரம் லேசாகிவிடும். மேட்டுக்காட்டில் அது விளையாட்டல்ல. பின்னால் எதிர்ப்பாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: லயத்துப் பக்கம் வண்டி நிற்கும்போது பக்கெட்டைத் தரையில் இறக்கி வையுங்கள். பிள்ளைகளின் முக உயரத்தில் பல் நிற்கக் கூடாது.

"எதை வாங்குறதுன்னு டிரைவர் சொல்றதா?" என்று சில நிர்வாகத்தார் முகம் சுளிப்பார்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிட்டால் அங்கிருந்து விலகும் உரிமையையும் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தம் நமக்குத் தந்திருக்கிறது. டூத் பார் பேச்சும் அந்தக் குழுவின் மேசைக்கு வரட்டும். டிரைவர் கையில் டேப்போடு போகட்டும்.

உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது? நாளைக் காலைப் பெரட்டில் கிராணியாரைக் கேட்டு வையுங்கள்.