கேக்குக்கு காசு தரமாட்டேன்

போன வாரம் திண்டுக்கல்ல இருந்து தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் போன் பண்ணினார். போட்டித் தேர்வு எழுதுற பசங்களுக்காக ஒரு இளைஞர் படிப்பு மையம் நடத்துறார். காலேஜ் நாட்கள்ல நானும் அங்க உட்கார்ந்து படிச்சவன்தான். "தம்பி, இந்த வருஷ டூருக்கு உன் பங்கு எவ்வளவு?"ன்னு கேட்டார்.

திட்டம் இதுதான். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு குழந்தைகள் இல்லம். கேக், நோட்டு, பென்சில், மதியம் பிரியாணி. அப்புறம் அதே வேன்ல கொடைக்கானல்.

"அண்ணே, கொடைக்கானலுக்கு தர்றேன். கேக்குக்கு தரமாட்டேன்"னேன். மனுஷன் கடுப்பாயிட்டார். போன்ல சரியா சொல்ல வரல. அதான் இந்தப் பதிவு.

நான் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது இதே மாதிரி ஒரு டூர் போனோம். இல்லத்துக்கு பத்து மணிக்கு வர்றோம்னு சொல்லிட்டு போய்ச் சேர்ந்தது பன்னிரண்டரை. பிள்ளைங்க அதுவரைக்கும் வரிசையா உட்கார்ந்திருந்தாங்க. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்னு ஒரு வரவேற்புப் பாட்டு. நாங்க போட்டோ எடுத்தோம். ஒரு பையன் கணக்கு நோட்டைத் தூக்கிட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தான். மீச்சிறு பொது மடங்கு. இன்ஜினியரிங் படிக்கிறவனாச்சே, உற்சாகமா ஆரம்பிச்சேன். பாதி கணக்குல கேக் வெட்ட கூப்பிட்டுட்டாங்க. "மீதி அடுத்த வாரம் சொல்லித் தர்றேன்டா"ன்னு சொன்னேன்.

அடுத்த வாரம் போகல. செமஸ்டர், அரியர், பிளேஸ்மென்ட்னு ரெண்டு வருஷம் ஓடிருச்சு. ஒருநாள் மனசு கேக்காம போனேன். "அவன் அம்மாகூட போயிட்டானே தம்பி"ன்னாங்க அங்க இருந்த அக்கா. அவனுக்கு அம்மா இருக்காங்கங்கறதே எனக்கு அன்னிக்குதான் தெரியும். நாங்க எல்லாரும் 'அனாதைப் பிள்ளைங்களைப் பார்க்கப் போறோம்'னு சொல்லிட்டுத்தானே வேன் ஏறினோம்!

இது நம்ம ஊர்க்கதை மட்டும் இல்லை. கம்போடியாவுல வெளிநாட்டுப் பயணிகள் விடுதிப் பிள்ளைங்களைப் பார்க்கப் போறது ஒரு சுற்றுலாவாவே வளர்ந்தது. 2011-ல யுனிசெஃப் உதவியோட நடந்த ஆய்வுல, இல்லங்கள்ல இருந்த பிள்ளைங்கள்ல நாலுல மூணு பேருக்கு அப்பா அம்மால ஒருத்தராவது உயிரோட இருந்தாங்கன்னு தெரிய வந்தது. பார்க்க வர்றவங்க காசு கொடுக்கக் கொடுக்க இல்லங்களும் பெருகிச்சு. 'ஒரு நாள் வந்து அன்பு காட்டிட்டுப் போறோம், அதுல என்ன தப்பு'ன்னு கேக்குறவங்க இதையும் கொஞ்சம் யோசிக்கணும்.

போட்டோ விஷயம் இன்னும் மோசம். 2015-ம் வருஷ இளைஞர் நீதிச் சட்டம், 74-வது பிரிவு: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தையோட பேர், படம் எதையும் அடையாளம் தெரியிற மாதிரி ஊடகத்துல வெளியிடக் கூடாது. மீறினா ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். நம்ம பசங்க வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல இதைத்தான் இதயம் போட்டு வைக்கிறாங்க. போட்டித் தேர்வுக்கு சட்டம் படிக்கிற பசங்க வேற :(

சரி, பின்ன போகவே கூடாதா? போகணும். எப்படிப் போகணும்ங்கறதுதான் பிரச்சினை.

நாட்டு நலப்பணித் திட்டத்தை 1969-ல, காந்தி நூற்றாண்டு வருஷத்துல, 37 பல்கலைக்கழகங்கள்ல 40,000 மாணவர்களோட ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு மாணவனுக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம் வேலை. வாரக் கணக்குல பார்த்தா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். விதி எழுதினவங்க 'வருஷத்துக்கு ஒரு நாள் போய் அழுதுட்டு வா'ன்னு எழுதல பாருங்க. எங்க கணக்குப் பையனுக்கும் அந்த ரெண்டு மணி நேரம்தான் தேவைப்பட்டுச்சு, கேக் இல்லை.

நம்ம ஊர்ப் பக்கத்துல காந்திகிராமம் இருக்கு. டி.வி.எஸ். குடும்பத்துப் பொண்ணு டாக்டர் சௌந்தரம், கணவர் ஜி. ராமச்சந்திரனோட சேர்ந்து 1947-ல சின்னாளப்பட்டி பக்கத்துல அதை ஆரம்பிச்சார். மதுரையில இருந்து மாசம் ஒரு தடவை கார்ல வந்து பிஸ்கட் கொடுத்துட்டுப் போயிருக்கலாம். வந்து தங்கினார். இன்னிக்கு அங்க ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கு. நம்மளால அவ்வளவு முடியாது, ஒத்துக்கறேன். ஆனா திரும்பி வர்றதையாவது கத்துக்கலாமே.

திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகள் பத்தி நம்ம எல்லாருக்கும் தெரியும். 1996-ல உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குல தீர்ப்பு சொல்லிச்சு. மாசுபடுத்தினவன்தான் செலவை ஏத்துக்கணும்னு சொன்ன பிரபலமான தீர்ப்பு. படிக்கிற பசங்க மனப்பாடமா ஒப்பிப்பாங்க. அந்தத் தீர்ப்புக்குள்ளயே நம்ம ஊர் இருக்குங்கறது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு தொண்டு அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்கள்ல 13 கிராமத்துக்குப் போய் கிணறுகளைக் கணக்கெடுத்தாங்க. மொத்தம் 467 கிணறு. அதுல 350 கெட்டுப் போச்சுன்னு கண்டாங்க. அந்தக் கணக்கு டெல்லி வரைக்கும் போய் தீர்ப்புல அச்சாகி இருக்கு.

இதுவும் தன்னார்வலர் விசிட்தான் சார்! கையில கேக்குக்குப் பதிலா நோட்டு, பேனா.

அதனால என் யோசனை ரெண்டு. முதல்ல, டூரை டூரா வச்சுக்குங்க. கொடைக்கானல் போங்க, குத்துப் பாட்டு போடுங்க, யாரும் குறை சொல்ல மாட்டாங்க. ஜாலியா போறதுக்கு ஒரு புண்ணியத்தை ஒட்ட வைக்க வேண்டியதில்லை. அடுத்தது, விசிட்னு சொன்னா வருஷம் முழுக்க, வாரம் ரெண்டு பேர், முறை போட்டு, ஒரே இல்லத்துக்கு, ஒரே வேலைக்கு. கணக்கு சொல்லித் தர்றதுன்னா கணக்கு மட்டும். போனை வாசல்லயே வாங்கி வச்சிடணும். அது முடியாதா? ஒரு ஞாயித்துக்கிழமை ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போய் நம்ம டவுனுக்கு தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாருங்க. அடுத்த ஞாயிறு அந்த 13 கிராமங்கள்ல ஒண்ணுக்குப் போய் கிணத்துத் தண்ணி இப்போ எப்படி இருக்குன்னு அங்க இருக்குற பெரியவங்ககிட்ட கேட்டு எழுதிட்டு வாங்க.

'ஒண்ணுமே செய்யாதவங்களுக்கு இது தேவலாம்ல?'ன்னு அண்ணன் கேட்டார். எங்களுக்கு தேவலாம், சந்தேகமே இல்லை. ராத்திரி நிம்மதியா தூக்கம் வரும். ரெண்டரை மணி நேரம் வரிசையில உட்கார்ந்திருந்த பிள்ளைங்களுக்கு தேவலாமான்னு அவங்களைத்தான் கேக்கணும்.

அண்ணன் யோசிச்சு சொல்றேன்னு வச்சுட்டார். வாரம் ரெண்டு பேர் முறைக்கு பஸ் காசு, சாக்பீஸ், நோட்டு எல்லாம் என் செலவுன்னு மெசேஜ் போட்டிருக்கேன். ரெண்டு நீல டிக் வந்திருக்கு, பதில் இன்னும் வரல.

உங்க ஊர்ல இந்த மாதிரி தொடர்ந்து போறவங்க இருந்தா எப்படி நடத்துறாங்கன்னு சொல்லுங்க மக்களே. அண்ணனுக்கு அப்படியே அனுப்பி வைக்கிறேன்.