வரி கட்டுகிறவர் யார்?

வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட மறுநாள் நமது நாட்டு மக்கள் இரண்டு கூறாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒரு கூறு வரி கட்டுகிறவர்கள். மற்றக் கூறு நிவாரணம் வாங்குகிறவர்கள். பத்திரிகைத் தலையங்கங்களும், தொலைக்காட்சியில் வந்திருந்து விளக்கம் சொல்லும் நிபுணர்களும், நமது இலக்கியக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கும் பெரியவர்களும்கூட இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறார்கள். இது பொய்யான பிரிவினை. அதை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

நான் கரடியனாற்றில் படிப்பிக்கிறவன். செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் உள்ளே வந்தால் இந்த ஊர். வயலும் மாடும் கூலி வேலையும்தான் இங்கே பெரும்பாலானவர்களின் சீவியம். அண்மையில் நகரத்தில் நடந்த ஒரு நூல் வெளியீட்டில், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் சொன்னார்: "மாஸ்டர், படுவான்கரையில எவன் வரி கட்டுறான்? எங்கட சம்பளத்தில வெட்டித்தானே அவனுகளுக்கு அஸ்வெசும குடுக்கிறாங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரைத் தனியே குற்றம் சொல்வதில் பயனில்லை. படித்த வர்க்கத்தில் பலர் மனதுக்குள் வைத்திருப்பதைத்தான் அவர் வாய் விட்டுச் சொன்னார்.

அவருக்கு ஒரு சாதாரணக் கணக்கைக் காட்ட விரும்புகிறேன். எமது பாடசாலைக்குப் பிள்ளை அனுப்பும் ஒரு கூலிக்காரத் தாய் கடைக்குப் போகிறாள். அரிசிக்கும் பாணுக்கும் வற் வரி இல்லை, உண்மைதான். ஆனால் சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், பிள்ளையின் கொப்பி, பேனை, ரப்பர்ச் செருப்பு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 2024 ஜனவரியில் அது 18 வீதமாயிற்று. அதாவது வற் சேர்த்து 118 ரூபாய்க்கு விற்கும் பொருளில் 18 ரூபாய் வரி. சில்லறைக் கடைக்காரர் வற் பதிவு இல்லாதவர் என்பதால் அவருடைய இலாபத்துக்கு வரி விழாது என்று கழித்துப் பார்த்தாலும், இப்படியான சாமான்களுக்கு மாதம் 3,000 ரூபாய் செலவழிக்கும் வீட்டிலிருந்து 400 ரூபாயளவில் திறைசேரிக்குப் போகிறது. இது வற் மட்டும். இறக்குமதியாகும் பருப்புக்கும் சீனிக்கும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்று வேறொரு வரி. கைத்தொலைபேசிக்குப் போடும் றீலோட்டில் வற் வரியோடு தொலைத்தொடர்பு வரியும் சேர்ந்து போகிறது. இவ்வளவும் கட்டியவளைப் பார்த்துத்தான் நமது கனவான் "எவன் வரி கட்டுறான்" என்கிறார்.

அவள் எவ்வளவு கட்டினாள் என்பதற்கு எந்தத் துண்டும் அவளிடம் இல்லை. சம்பளக்காரருடைய வரி சம்பளச் சிட்டையில் அச்சாகி வருகிறது, அவருக்கு வலிக்கிறது, வலிப்பதால் கத்துகிறார். அவளுடைய வரி சாமானின் விலைக்குள் ஒளிந்து கிடக்கிறது. "சாமான் விலை ஏறிப் போச்சு" என்று அவள் கடைக்காரரோடுதான் சண்டை பிடிக்கிறாள். ஆட்சியாளருக்கு இதைவிட வசதியான வரி வேறு உண்டா? இலங்கை அரசின் வரி வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சில வருடங்களில் அதற்கு மேலும், இப்படிப் பொருட்களின் மீதும் சேவைகளின் மீதும் விழுகிற வரிகளால்தான் வருகிறது. வணிகக் கல்விப் பாடத்தில் இதை நேரில் வரி என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அவர்கள் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிப் புள்ளி எடுக்கிறார்கள். தமது வீட்டுச் சமையலறையில் அது இருப்பதை அறியாமலே வெளியேறிப் போகிறார்கள்.

அன்று அப்படியில்லை. 1953இல் கூப்பன் அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். அப்போது நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜயவர்த்தன, பிரதமர் டட்லி சேனநாயக்க. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் அந்த நடவடிக்கைகளோடு நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் டட்லி பதவி துறந்தார். விலை உயர்வு ஒரே அறிவித்தலில், ஒரே இலக்கத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதனால் மக்கள் யாரோடு மோத வேண்டும் என்பதை அறிந்து மோதினார்கள். 1998இல் பொருட்கள் சேவைகள் வரியும், 2002இல் அதன் இடத்தில் பெறுமதி சேர் வரியும் வந்தன. சுமை ஓர் இலக்கமாகத் தெரியாமல் ஆயிரம் சாமான்களுக்குள் கரைந்து போயிற்று. வரிக்கெதிரான ஹர்த்தால் வரவில்லை, கடைக்காரரோடு வாய்த்தர்க்கம்தான் மிஞ்சியது.

அண்மைக்கால வரலாற்றையும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்போம். 2019 டிசம்பரில் புதிய ஆட்சி வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. தேச நிர்மாண வரியை நீக்கியது. ஆண்டு வருமானம் 1 கோடி 20 இலட்சத்தைத் தாண்டும் வியாபாரங்கள் வற் பதிவு செய்ய வேண்டும் என்றிருந்த எல்லையை 30 கோடியாக உயர்த்தியது. நாடே கொண்டாடியது. நிபுணர்களில் எச்சரித்தவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தேசத் துரோகிகள் போலப் பார்த்தோம். கரடியனாற்றுக் கடையில் சவர்க்காரத்தின் விலை அந்த ஏழு வீதத்துக்கு ஏற்ப இறங்கவில்லை. குறைந்த வரி யாருடைய பெட்டிக்குள் போயிற்று?

இதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஓர் உதாரணம் உண்டு. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான அறவீடு கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக்கப்பட்டது. ஆம், சதம்தான். மக்களுக்கு மலிவாகக் கிடைக்கும் என்று சொன்னார்கள். அப்படிக் கிடைக்கவில்லை. அரசு இழந்தது சுமார் 1,590 கோடி ரூபாய் என்று கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சீனி வாங்கியவருக்குக் கிடைக்காத அந்தப் பணம் சீனி இறக்கியவர்களுக்குக் கிடைத்தது. நிவாரணம் வாங்குகிறவர்களின் பட்டியல் தயாரிக்கும் நமது கனவான்கள் இந்தப் பெயர்களை ஏன் அதில் சேர்ப்பதில்லை? மாதம் 8,500 ரூபாய் வாங்கிய ஏழைக் குடும்பம் நாட்டுக்குப் பாரம். ஒரே வர்த்தமானியில் நூற்றுக்கணக்கான கோடி வாங்கியவர்கள் தொழில் முனைவோர். இதுதான் நமது அகராதி.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2021இல் இரசாயனப் பசளைத் தடையால் எமது வட்டைகளில் பயிர் மஞ்சளித்து நின்றது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. வற் வரி அவ்வருடம் ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024இல் 18 என்று ஏறியது. கொண்டாட்டத்தில் பங்கு கிடைக்காத கூலிக்காரர் அதன் செலவைக் கட்டினார்.

இதற்கு எழுந்த எதிர்ப்புகளைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் உழைப்போருக்கு 6 முதல் 36 வீதம் வரை வருமான வரி விதிக்கப்பட்டபோது வைத்தியர்களும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் வங்கி ஊழியர்களும் வீதிக்கு வந்தார்கள். அவர்களுடைய வாதங்களில் நியாயம் இருந்தது. 2025 ஏப்ரலில் அந்த எல்லை ஒன்றரை இலட்சமாக உயர்த்தப்பட்டது. போராடினார்கள், கிடைத்தது. அதே வருடத்தில் வற் 18 வீதமாகவே நின்றது. அதற்காக வேலை நிறுத்தம் செய்ய எந்தத் தொழிற்சங்கமும் இருக்கவில்லை. எமது ஆசிரியர் அறைகளிலும் வரவு செலவுத் திட்டம் என்றால் சம்பளம் எவ்வளவு கூடியது என்ற ஒரு கேள்விதான்.

எழுத்தாளர்களையும் விட்டுவைக்க முடியாது. 2024 ஜனவரியில் நூல்களுக்கு இருந்த வற் விலக்கு எடுபட்டபோது நம்மவர்கள் துடித்தார்கள். துடித்தது சரி, நூலுக்கு வரி விதிக்கும் நாடு வெட்கப்பட வேண்டும். ஆனால் அதே நாளில் சமையல் எரிவாயுவும் டீசலும் அந்த வரிக்குள் வந்தன. உழவு இயந்திரமும் வெட்டு மெசினும் ஓடுவது டீசலில். அறுவடைக் கூலி அதற்கேற்ப ஏறியது. நூலுக்காக அறிக்கை விட்டவர்கள் டீசலுக்காக ஒரு வரி எழுதினார்களா?

இனிக் கடனுக்கு வருவோம். "இன்று பிறக்கும் பிள்ளையும் இத்தனை இலட்சம் கடனோடு பிறக்கிறது" என்று மேடைதோறும் பேசுகிறார்கள். நாட்டின் மொத்தக் கடனை மக்கள் தொகையால் பிரித்துச் சொல்லும் கணக்கு அது. ஆசிரியர் கலாசாலையில் எமக்குக் கணிதம் கற்பித்தவர் சராசரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்வார்: பத்து ஏக்கர் வைத்திருக்கும் போடியாரையும் நிலமே இல்லாத வயற்காரரையும் கூட்டிப் பிரித்தால் ஆளுக்கு ஐந்து ஏக்கர் வரும், வயற்காரருக்கு அதில் ஒரு பிடி மண்கூடக் கிடைக்காது. சொத்தில் அப்படியென்றால் கடனில் மட்டும் எல்லோரும் சமபங்காளிகளா? இலங்கை 2007இல்தான் முதன்முதலாகச் சர்வதேச முறிச் சந்தையில் 50 கோடி டொலர் கடன் வாங்கியது. 2022இல் நாடு வங்குரோத்தானபோது இந்த வகைக் கடன் மட்டும் சுமார் 1,250 கோடி டொலராகியிருந்தது. அதற்குக் கையெழுத்து வைத்தவர்களில் கரடியனாற்றுக்காரர் ஒருவரும் இல்லை. பொருளாதாரத்தைச் சீரழித்ததன் மூலம் முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, பசில் ராஜபக்ஷ உள்ளிட்டோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றமே 2023 நவம்பர் 14ஆந் திகதி தீர்ப்பளித்திருக்கிறது. நீதிமன்றம் பொறுப்பாளிகளைப் பெயர் சொல்லிக் காட்டிய பின்பும் "நாம் எல்லோரும் பட்ட கடன்" என்று பேசுவது அவர்களைக் கூட்டத்துக்குள் ஒளிக்கும் பேச்சு.

கடனை மறுசீரமைத்தபோதும் அப்படித்தான். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பிலிருந்து வங்கிகளின் திறைசேரி முறிகள் விலக்கப்பட்டன. வங்கிகள் விழுந்தால் வைப்பாளர் விழுவார் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்வோம். ஆனால் ஊழியர் சேமலாப நிதியின் முறிகளுக்கு அந்த இரக்கம் காட்டப்படவில்லை. 2025 வரை 12 வீதம், அதன்பின் 9 வீதம் என்று வட்டி குறைக்கப்பட்டது. சம்மதிக்காவிட்டால் வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்ற மிரட்டலும் சேர்ந்தே வந்தது. எமது பகுதியிலிருந்து ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய் நாள் முழுக்க நின்றபடி உழைக்கும் பெண்பிள்ளைகளின் கலியாணக் காசும் வயோதிபக் காசும் அந்த நிதியில்தான் இருக்கிறது. அவர்களிடம் யாராவது வந்து விளக்கம் சொன்னார்களா?

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரி இல்லாமல் ஆஸ்பத்திரி இல்லை, பாடசாலை இல்லை, என் சம்பளமும் இல்லை. 2019இன் வரிக்குறைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மேலே கண்டோம். நான் கேட்பது இரண்டு. உள்ளவரிடம் நேராக வாங்குங்கள்; இல்லாதவரின் சவர்க்காரத்துக்குள் கைவிட்டு எடுப்பதைக் குறையுங்கள். அதுவரை, அவரும் கட்டுகிறார் என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்த ஒப்புக்கொள்ளல் நமது சொற்களிலிருந்து தொடங்க வேண்டும். அது எழுதுகிறவர்களின் வேலை. 1945இல் கன்னங்கரா காலத்தில் வந்ததை இலவசக் கல்வி என்கிறோம். 1980 முதல் கிடைப்பதை இலவசப் பாடநூல் என்கிறோம். அமைச்சர் பாலம் "தந்தார்", எம்.பி. கட்டடம் "தந்தார்" என்று எழுதுகிறோம். யாருடைய பணம் அது? பிள்ளையின் கையிலிருக்கும் புத்தகத்துக்கு அந்தப் பிள்ளையின் தாய் சவர்க்காரத்திலும் பருப்பிலும் பணம் கட்டியிருக்கிறாள். தான் காசு கொடுத்து வாங்கியதை ஒருவர் "இலவசம்" என்று நீட்டினால் நன்றி சொல்லத் தோன்றும். கணக்குக் கேட்கத் தோன்றாது. எமது ஊர்களில் பொதுக்கூட்டங்கள் நன்றியுரைகளாகவே முடிவதற்கு இந்தச் சொற்களும் காரணம்.

ஆகவே அடுத்த வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது, விலை கூடியவை குறைந்தவை என்ற பட்டியலோடு நிறுத்தாமல், மொத்த வரியில் எவ்வளவு வருமானத்தின் மீதும் எவ்வளவு பொருட்களின் மீதும் விழுகிறது என்பதை நமது பத்திரிகைகள் முதற்பக்கத்தில் போட வேண்டும். யாருக்கு எவ்வளவு வரி விலக்கு, அதனால் இழந்த தொகை எவ்வளவு என்பதைத் தமிழில் எல்லோருக்கும் விளங்க எழுத வேண்டும். ஆசிரியர்கள் நேரில் வரியைப் படிப்பிக்கும் நாளில் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து ஒரு கடைச் சிட்டை கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்து வரியைக் கணக்கிட வைக்க வேண்டும். நூல் வெளியீட்டுக் கூட்டத்தில் இனி யாராவது "படுவான்கரையில எவன் வரி கட்டுறான்" என்று கேட்டால், சிரிப்பதற்கு முதல் அந்தச் சிட்டையை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.