நியூட்ரலில் உறுமாதீர்கள்!

உங்கள் டீசல் கார் இழுக்கவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோகிறீர்கள். மெக்கானிக் பானெட்டைத் திறக்கிறார், வண்டியை நியூட்ரலில் உறும விடுகிறார், டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்க்கிறார். ஹோஸ் விறைக்கவில்லை. "டர்போ போச்சு சார்!" எஸ்டிமேட் 42,000 ரூபாய்.

தயவுசெய்து சரி சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

டர்போ என்பது 1905-ல் ஆல்ஃபிரட் பூச்சி என்ற ஸ்விஸ் இன்ஜினீயர் காப்புரிமை வாங்கிய சமாசாரம். வெளியே போகும் புகையில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவது. இந்த அமுக்கம்தான் பூஸ்ட் (டப்பாவில் வருவது அல்ல). அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். இதெல்லாம் எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அதைச் சுற்ற வைப்பது எது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இன்ஜின் வேகம் மட்டும் போதாது ஸார். புகையில் மிச்சமிருக்கும் சூடு வேண்டும். சூடு வேண்டுமென்றால் டீசல் எரிய வேண்டும். டீசல் நிறைய எரிய வேண்டுமென்றால் இன்ஜினுக்கு வேலை இருக்க வேண்டும். நியூட்ரலில் 3,000 ஆர்.பி.எம். ஓட, தன் சொந்த உராய்வைச் சமாளிக்கிற அளவு டீசல் போதும். அதே 3,000-ல் அஞ்சு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் டீசல் பல மடங்கு. பூஸ்ட் அப்போதுதான் வரும். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு மிதித்துவிட்டு, "எனக்கு வேர்க்கவே இல்லை, உடம்பில் ஏதோ கோளாறு" என்று டாக்டரிடம் போவீர்களா?

பெட்ரோல் டர்போவில் இன்னும் மோசம். நியூட்ரலில் த்ராட்டில் லேசாகத் திறந்தாலே இன்ஜின் கத்தும். உள்ளே இருப்பது அமுக்கம் அல்ல, உறிஞ்சல்.

விளம்பரத்திலும் இதே மறதி. 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசலுக்கு 2,000 ஆர்.பி.எம்.மில் 190 நியூட்டன் மீட்டர் இழுவை என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை. ஆனால் அது ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால் கிடைப்பது. பாதி மிதித்துவிட்டு "2,000-க்கு வந்தாச்சே, எங்கே இழுவை?" என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும்.

புதுச்சேரிக்காரர்கள் இதைப் படிக்கப் புத்தகம் வாங்க வேண்டாம். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் ரிப்பேருக்கு நிற்கும். போன தடைக்காலத்தில் அங்கே ஒரு படகு டிரைவரிடம் என் கதையைச் சொன்னேன். சிரித்தார். "சும்மா நிக்கிற போட்டுல எவ்ளோ வேணா கத்தும் தம்பி. வலை தண்ணிக்குள்ள இருக்கணும். அப்பத்தான் அதோட யோக்யதை தெரியும்." வலை இழுக்கும்போது புகை கறுத்து, இழுவையும் செத்தால் காற்று போதவில்லை என்று அர்த்தமாம். ஒரே வரியில் பாடம் முடிந்தது.

"முப்பது வருஷ அனுபவம் சார், கை வெச்சாலே தெரியும்" என்பார்கள். நாடி பிடிப்பதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் நல்ல டர்போவும் செத்த டர்போவும் நியூட்ரலில் ஏறக்குறைய ஒரே மாதிரிதானே இருக்கும்? கைக்கு என்ன தெரியும்?

எங்கள் ஊரில் மலை கிடையாது. பரவாயில்லை. ஆளில்லாத ரோட்டில் மூன்றாவது கியர், 1,500 ஆர்.பி.எம்., ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதி. அதுதான் லோடு. பக்கத்து ஸீட்டில் ஒருவர் ஸ்கேனரில் கேட்ட பூஸ்ட் எவ்வளவு, வந்த பூஸ்ட் எவ்வளவு என்று பார்க்கட்டும். பத்து நிமிஷ வேலை. அப்புறமும் டர்போ மேல் சந்தேகமென்றால் பைப்பைக் கழற்றி அச்சு ஆடுகிறதா என்று பாருங்கள்.

என் காரில் டர்போ மாற்றின பிறகும் இழுவை வரவில்லை. வேறொருவர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்: இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் விரல் நீளக் கிழிசல். அமுக்கம் வந்தால்தான் வாய் திறக்கும், நியூட்ரலில் பேசாமல் இருக்கும். ஹோஸ் விலை 1,400 ரூபாய்.

பழைய டர்போவைக் கேட்டு வாங்கி வந்தேன். அச்சு ஆடவே இல்லை. இந்தக் காகிதங்கள் பறக்காமல் அதுதான் மேலே உட்கார்ந்திருக்கிறது.