ஊதச் சொல்லுங்கள், முறைப்படி ஊதச் சொல்லுங்கள்

திருச்சி சரகக் காவல்துறைத் துணைத் தலைவர் அவர்களுக்கு,



தங்கள் சரகத்தில் உள்ள பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சாலைகளைத் தாங்கள் அறிவீர்கள். சிறுவாச்சூர், பாடாலூர் வழியாகச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை போகிறது. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. இங்கே குடித்துவிட்டு வண்டியை எடுப்பவர் யாராக இருந்தாலும் பிடிபட வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான். அந்தத் தடையும் பின்னர் தளர்ந்தது. இனி நம்பியிருப்பது சாலையோரச் சோதனையைத்தான். பிடிக்கும் வழக்கு நீதிமன்றத்தில் நிற்கும்படி அந்தச் சோதனை நடக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அமெரிக்காவில் கோட்டின் மேல் ஒன்பது காலடி நடக்க வைத்தும், ஒற்றைக் காலில் நிற்க வைத்தும் ஒருவர் குடித்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள். ஆனால் நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு கேட்பது ஓர் எண்ணை: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால். விடிய விடிய ஓட்டி வந்த லாரி ஓட்டுநருக்குக் கண் சிவந்திருக்கும், இறங்கினால் கால் தள்ளாடும். தூக்கக் கலக்கமும் அப்படித்தான் இருக்கும். வாய் நாற்றம், தள்ளாட்டம், குழறல் இவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூச்சில் ஆல்கஹாலை அளக்கும் கருவியும் கவனமாகக் கையாள வேண்டியதுதான். 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் பணிமனையில், பலாப்பழம் சாப்பிட்டுவிட்டு ஊதிய அரசுப் பேருந்து ஊழியர்கள் குடிக்காமலே மாட்டிக்கொண்டார்கள். இப்படி வாயில் மட்டும் தங்கியிருக்கும் ஆல்கஹால் சுமார் 15 நிமிடத்தில் போய்விடும். அதனால் சந்தேகம் வந்தால் கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொல்வதே நியாயம். ஊதுவதற்கு முன் கருவி பூஜ்ஜியம் காட்ட வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு சொன்னது.

மறுபக்கம், தாமதம் குடித்தவருக்குச் சாதகம். உடம்பு 100 மில்லி ரத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் ஆல்கஹாலைக் குறைத்துவிடும். சாலையில் 50 இருந்தவர், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் 20-க்கு வந்திருப்பார். வழக்கும் அங்கேயே முடிந்துவிடும். கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்காவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-ஆம் பிரிவும் சொல்கிறது. அரியலூர் மாவட்ட மீன்சுருட்டியில் நள்ளிரவில் பிடித்தாலும் கெடு அதுதான்.

முதல் முறை சிக்கினாலே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூலிக்கு லாரி ஓட்டுபவருக்கு உரிமம் போனால் பிழைப்பே போய்விடும். இவ்வளவு பெரிய தண்டனைக்கு ஆதாரமும் அசைக்க முடியாததாக இருக்க வேண்டாமா?

ஆகவே தங்களிடம் கேட்பது இவைதான். ஒவ்வொருவருக்கும் அவர் கண்முன் உறை பிரித்த புது மவுத்பீஸ் மாட்டுங்கள். ஊதுவதற்கு முன் கருவியில் பூஜ்ஜியம் இருப்பதை அவருக்கே காட்டுங்கள். நேரமும் அளவும் அச்சான சீட்டில் ஒரு படி கொடுங்கள். கருவியின் அளவுத்திருத்தத் தேதியைக் கேட்பவருக்குச் சொல்லுங்கள். 30-ஐ ஒட்டி அளவு வந்தாலோ, ஓட்டுநர் மறுத்துப் பேசினாலோ தாமதமின்றி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு இரவில் எந்த அரசு மருத்துவமனைக்குப் போவது என்பதை ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

இவற்றுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டு மாவட்டங்களுக்கும் தாங்கள் அனுப்பும் ஒரு சுற்றறிக்கை போதும். குடித்தவர் தப்பாமலும் குடிக்காதவர் சிக்காமலும் இருக்க, அதை உடனே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்தச் சாலைகளில் தினமும் வண்டி ஓட்டும் ஒருவன்